சின்னப் பிள்ளைகளின் சாஃப்ட்பால்: விதிகளை எந்த வரிசையில் புரிந்துகொள்வது

பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலுக்குப் பிள்ளையை ஓர் அணியில் சேர்த்தாகிவிட்டது. முதல் ஆட்டத்துக்குப் போய் உட்காருகிறீர்கள். ஒரு குழந்தை பந்தைத் தட்டுகிறாள். எதிரணியில் நான்கு பேர் அந்த ஒரே பந்தின் மேல் விழுகிறார்கள். தட்டியவள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறாள். பெரியவர்கள் ஆளுக்கொன்று கத்துகிறார்கள், அம்பயர் கையை விரித்து ஏதோ காட்டுகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் அவருக்கும் சரியாகத் தெரியாது.

சரி, வீட்டுக்குப் போய் விதிப்புத்தகத்தைப் படித்துவிடலாம் என்று எடுத்தால் குழப்பம் இன்னும் கூடும். அதில் இருப்பதில் பெரும்பகுதி உங்கள் பிள்ளையின் வயதுக்குப் பொருந்தாது. பெரியவர்களின் ஆட்டத்திலிருந்து சில விதிகளைக் கழற்றிவிட்டு, சிலவற்றைத் தளர்த்தித்தான் குழந்தைகளுக்கு ஆட்டம் வகுத்திருக்கிறார்கள். அதனால் படிக்கிற வரிசை முக்கியம். முதலில் மைதானம், அடுத்து ஓட்டம், அதற்கடுத்து அவுட், பந்துவீச்சு கடைசியில். நிறையப் பேர், பேட்டர் விட்ட பந்துகளை எண்ணும் ஸ்ட்ரைக் கணக்கில் தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பெரும்பாலும் அந்தக் கணக்கே இருக்காது.

முதலில் மைதானத்தைப் பாருங்கள்

ஒரு சதுரத்தை ஒரு முனையில் நிறுத்தி வைத்ததுபோல நான்கு மூலைகள். கீழ் மூலையில் ஐந்து பக்கம் கொண்ட வெள்ளைப் பலகை இருக்கும், அதுதான் ஹோம் பிளேட். பேட்டர் அங்கே நின்று அடிப்பார். மற்ற மூன்று மூலைகளும் பேஸ்கள், ஓடிப் போய்த் தொட வேண்டிய இடங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் வலது கைப்பக்கம் முதல் பேஸ், நேர் எதிரே இரண்டாவது, இடப்பக்கம் மூன்றாவது. ஓட்டம் எப்போதும் இந்த வரிசையில்தான், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 60 அடி, சுமார் 18 மீட்டர். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு 50 அடியாகக் குறைத்தும் வைப்பார்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் மறக்க வேண்டியது, எந்தப் பக்கம் அடித்தாலும் ரன் என்ற பழக்கத்தை. இங்கே ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வழியாக ஒரு கோடும் மூன்றாவது பேஸ் வழியாக ஒரு கோடும் போகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே அடித்தால்தான் ஆட்டம் தொடரும். அதற்கு ஃபேர் என்று பெயர். வெளியே போனால் ஃபவுல். அதில் கேட்ச் பிடிபடாவிட்டால் ஓடியவர்கள் எல்லாரும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

கோட்டின் மேலேயே விழுந்தால்? ஃபேர்தான். கோடும் பேஸும் உள்ளே சேர்ந்தவை. பெற்றோர் அதிகம் சண்டை போடுவது இன்னொரு இடத்தில். பந்து உள்ளே விழுந்து, முதல் பேஸையோ மூன்றாவது பேஸையோ தாண்டும் முன்னே சுழன்று கோட்டுக்கு வெளியே போய், யாரும் தொடாமல் அங்கேயே நின்றால் அது ஃபவுல். அதேபோல வெளியே விழுந்த பந்து, யார் மேலும் எதன் மேலும் படாமல், பேஸுக்கு முன்பாகவே உருண்டு உள்ளே வந்து நின்றால் ஃபேர். உள்வட்டத்தில், அதாவது பேஸ்களைச் சுற்றிய உள்பகுதியில், பந்து முதலில் எங்கே விழுந்தது என்பது கணக்கில்லை, எங்கே நின்றது அல்லது எங்கே ஒருவர் கைப்பட்டது என்பதே கணக்கு. பேஸைத் தாண்டிய பிறகு மட்டும் முதலில் விழுந்த இடம் பார்க்கப்படும். அம்பயர் சில நொடிகள் வாயைத் திறக்காமல் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

ஓட்டம்

ஃபேராக அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். 'இந்தப் பந்துக்கு ரன் வேண்டாம்' என்று நின்றுகொள்ளும் உரிமை பேட்டருக்கு இல்லை. பேட்டையும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, அடித்த இடத்தில் கீழே போட வேண்டும். போட வேண்டும் என்றால் வீசி எறிவது அல்ல. சின்னப் பிள்ளைகள் அடித்த வேகத்தில் பேட்டைப் பின்னால் சுழற்றி விட்டுவிடுவார்கள், பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் குந்தியிருப்பாள். அதனால் பல இடங்களில் முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி செய்தால் அவுட்.

நான்கு மூலைகளையும் வரிசையாகத் தொட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். ஒரே அடியில் சுற்றி வர வேண்டியதில்லை. முதல் பேஸில் நின்றுகொண்டு, அடுத்தவள் அடிக்கும்போது மேலே போகலாம். முன்னால் ஓடுபவளைப் பின்னால் வருபவள் முந்தினால் முந்தியவள் அவுட். பிள்ளைகளின் ஆட்டத்தில் இது நிஜமாகவே நடக்கும், முன்னால் இருப்பவள் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

முதல் பேஸில் மட்டும் ஒரு சலுகை உண்டு. வேகமாக ஓடி அதைத் தொட்டுவிட்டுத் தாண்டிப் போகலாம், உடனே திரும்பி வந்தால் அவுட் ஆக்க முடியாது. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் காலையோ கையையோ எடுத்தால் ஆபத்து. எனவே பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், 'முதல் பேஸில் பிரேக் போடாதே' என்பதாக இருக்கட்டும். முதல் பேஸ் சில மைதானங்களில் வெள்ளையும் ஆரஞ்சுமாக இரட்டையாக இருக்கும். வெள்ளைப் பகுதி பந்தைப் பிடிக்க நிற்பவளுக்கு, கோட்டுக்கு வெளியே இருக்கும் ஆரஞ்சுப் பகுதி ஓடி வருபவளுக்கு. இரண்டு பேர் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

அவுட்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஓர் அணி மூன்று அவுட் ஆனதும் அடுத்த அணி அடிக்க வரும். அவுட் ஆகும் வழிகள் பல இருந்தாலும் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் தினமும் வருவது மூன்று: கேட்ச், பேஸை மிதித்து அவுட், ஆளைத் தொட்டு அவுட்.

கேட்ச் நமக்குத் தெரிந்ததே. தரையில் படாமல் பிடித்தால் அடித்தவள் அவுட், ஃபவுல் பக்கம் பிடித்தாலும் அவுட்தான். ஆனால் கேட்சுக்குப் பிறகு ஆட்டம் நிற்பதில்லை, புதியவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. பந்து மேலே இருக்கும்போது பேஸை விட்டு ஓடிப் போனவர்கள், பிடிபட்டதும் தாங்கள் நின்ற பேஸுக்குத் திரும்பி வந்து தொட வேண்டும். அவர்கள் வருவதற்குள் அந்தப் பேஸுக்குப் பந்து வந்து சேர்ந்துவிட்டால் அவர்களும் அவுட். ஒரே கேட்சில் இரண்டு அவுட் விழுவது இப்படித்தான். பேஸிலேயே காத்திருந்து, பந்து கையில் பட்ட பிறகு கிளம்பினால் தாராளமாக ஓடலாம். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் வேண்டாம், 'பந்து மேலே போனால் நில், தரையில் போனால் ஓடு' என்றால் போதும்.

பேஸை மிதிப்பதா, ஆளைத் தொடுவதா? இந்த ஒன்று புரிந்துவிட்டால் ஆட்டத்தின் பாதி புரிந்த மாதிரி. முதல் பேஸில் ஒருத்தி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டர் தரையோடு ஒரு பந்தை அடிக்கிறாள். அவள் முதல் பேஸுக்கு வந்தே ஆக வேண்டும், ஒரு பேஸில் இருவர் இருக்க முடியாது. ஆகவே அங்கே ஏற்கெனவே நின்றவள் இரண்டாவது பேஸுக்குத் தள்ளப்படுகிறாள், அவளுக்கு வேறு வழி இல்லை. வழி இல்லாதவளை அவுட் ஆக்குவது சுலபம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது பேஸை ஒரு மிதி மிதித்தால் போதும், அவளைத் துரத்தித் தொட வேண்டியதில்லை. இதுதான் ஃபோர்ஸ் அவுட். அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடும் பேட்டரும் எப்போதும் இப்படித் தள்ளப்பட்டவளே.

இப்போது முதல் பேஸ் காலி, இரண்டாவதில் மட்டும் ஒருத்தி நிற்கிறாள். பேட்டர் தரையோடு அடிக்கிறாள். பின்னாலிருந்து யாரும் அவளைத் தள்ளவில்லை, அவள் விரும்பினால் அங்கேயே நிற்கலாம். துணிந்து மூன்றாவது பேஸுக்கு ஓடினால், பந்தோடு பேஸை மிதித்துப் பிரயோசனமில்லை. பந்தால் அவளைத் தொட வேண்டும், இது டேக். குழப்பம் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'அவள் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி வந்தே ஆக வேண்டுமா?' ஆமாம் என்றால் பேஸை மிதி. இல்லை என்றால் ஆளைத் தொடு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் பேஸில் ஆள் இருக்கும்போது, பந்தைப் பிடித்தவள் முதலில் பேட்டரையே அவுட் ஆக்கிவிட்டால் தள்ளுவதற்கு இனி யாரும் இல்லை. உடனே இரண்டாவது பேஸுக்கு ஓடிக்கொண்டிருப்பவளைத் தொட்டால்தான் அவுட். பேஸை மிதித்துவிட்டு அவுட் என்று குதிப்பார்கள், அம்பயர் இல்லை என்பார். அவர் சொல்வதுதான் சரி.

டேக் செய்யும்போது பந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பந்து இருக்கும் கையால், அல்லது பந்தைப் பற்றியிருக்கும் கிளவுஸால் தொட வேண்டும். பிள்ளைகள் வலது கையில் பந்தை எடுத்துக்கொண்டு, இடது கையில் இருக்கும் வெறும் கிளவுஸால் ஓடுபவளின் முதுகில் ஓங்கித் தட்டுவார்கள். அது அவுட் இல்லை. தொட்ட வேகத்தில் பந்து கைதவறி விழுந்தாலும் இல்லை.

உங்கள் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்?

மேலே சொன்னது எல்லா வயதுக்கும் பொது. இனி வயதுக்கு வயது மாறும். பெரும்பாலான அமைப்புகளில் மூன்று கட்டங்கள் உண்டு. எல்லை வயது இடத்துக்கு இடம் சற்று மாறலாம்.

நான்கு முதல் ஆறு வயது வரை டீ. இடுப்பளவு உயரமான ஒரு ரப்பர்த் தண்டின் மேல் பந்தை வைத்துவிடுவார்கள், நிற்கிற பந்தைப் பிள்ளை அடிக்கும். அடிக்கும் வரை வாய்ப்பு, ஒவ்வொரு இன்னிங்ஸிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு முறை அடிப்பார்கள், ரன் கணக்கைப் பல இடங்களில் எழுதுவதே இல்லை. அணியில் எத்தனை பேரோ அத்தனை பேரும் மைதானத்தில் நிற்பார்கள். கோச்சுகளும் உள்ளேயே நின்று, 'அங்கே எறி, இங்கே ஓடு' என்று சொல்லலாம். அடித்த பந்து பிளேட்டுக்கு முன் வரைந்த ஒரு வளைகோட்டைத் தாண்டாவிட்டால் திரும்ப வைத்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். இந்தக் கட்டத்தில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இவ்வளவே. மணலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள், அந்த வயதில் எல்லா அணியிலும் அப்படி ஒருத்தி இருப்பாள்.

ஏழு, எட்டு வயதில் கோச் பந்து போடுவார், அதுவும் தன் அணிப் பிள்ளைகளுக்கே. அடிக்கிற மாதிரி போட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்பதால், அடிக்க முடியாதபடி வந்த பந்துகளை எண்ணும் 'பால்' கணக்கு இல்லை, இலவசமாக முதல் பேஸுக்குப் போவதும் இல்லை. அதற்குப் பதில் ஓர் உச்சவரம்பு வைப்பார்கள், ஐந்து அல்லது ஆறு பந்துகள் என்று. கடைசிப் பந்தை ஃபவுலாக அடித்தால் இன்னொன்று கிடைக்கும். அடித்த பந்து கோச் மேல் பட்டால் பெரும்பாலும் அந்தப் பந்து செல்லாது. மைதானத்தில் ஒன்பதுக்குப் பதில் பத்துப் பேர் நிற்கலாம்.

இந்தக் கட்டத்தில் வரும் இன்னொரு விதியைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். ஓர் அணி ஒரு இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்துவிட்டால், மூன்று அவுட் ஆகாவிட்டாலும் அடுத்த அணி அடிக்க வர வேண்டும். அநியாயமாகத் தோன்றும். ஆனால் இந்த வயதில் பந்தைப் பிடித்துச் சரியாக எறியத் தெரிந்தவர்கள் அணிக்கு இரண்டு பேர் இருந்தால் பெரிது. அவுட்டே விழாது. வரம்பு இல்லையென்றால் ஒரு அணி ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டே இருக்கும், மற்றது வெயிலில் நின்றுகொண்டே இருக்கும். இதே காரணத்துக்காகத்தான் கண்டபடி எறிந்த பந்துக்கு ஒரு பேஸுக்கு மேல் ஓடக் கூடாது என்றும், பந்து உள்வட்டத்துக்குத் திரும்பியதும் ஓட்டம் நிற்க வேண்டும் என்றும் வைக்கிறார்கள். இல்லாவிட்டால் பத்தடி உருண்ட பந்துக்கும் எறிதல் பிழைகளாலேயே ஹோம் வரை ஓடிவிடலாம், எறிவதற்கே பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகளே பந்து போடத் தொடங்குகிறார்கள். விதிப்புத்தகம் உண்மையில் தேவைப்படுவது இங்கிருந்துதான்.

பிட்சர் வந்த பிறகு

பந்தைக் கீழிருந்து போட வேண்டும், கை இடுப்போரம் கடக்கும்போது பந்து விடுபட வேண்டும். பிள்ளைகளின் ஆட்டங்களை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பின் விதிகளில், பிட்சர் (பந்து போடுபவர்) நிற்கும் இடம் பிளேட்டிலிருந்து இளையவர்களுக்கு 35 அடி, அடுத்த பிரிவுக்கு 40 அடி, பதின்ம வயதினருக்கு 43 அடி. தூரம் குறைவு என்பதால் பேட்டருக்கு யோசிக்க நேரம் குறைவு.

பிளேட்டின் மேலாக, அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் வந்த பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். பேட்டை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். அந்த எல்லைக்கு வெளியே வந்து, பேட்டரும் வீசாமல் விட்டால் பால். மூன்று ஸ்ட்ரைக் அவுட், நான்கு பால் ஆனால் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ஃபவுல் அடித்தால் அதுவும் ஸ்ட்ரைக், ஆனால் இரண்டு வரைதான். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு எத்தனை ஃபவுல் அடித்தாலும் கணக்கு அங்கேயே நிற்கும். பேட்டை வீசாமல் பந்தை மெல்ல நிறுத்திவைக்கும் பண்ட் மட்டும் விதிவிலக்கு, இரண்டு ஸ்ட்ரைக்குடன் அதை ஃபவுல் ஆக்கினால் அவுட். பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் அம்பயர் பார்க்கும் ஸ்ட்ரைக் எல்லை கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் முழுக்க நடைதான்.

பிட்சர் போட்ட பந்து பேட்டர் மேல் பட்டால் அவளுக்கு முதல் பேஸ், ஆனால் அவள் பேட்டை வீசியிருக்கக் கூடாது, ஸ்ட்ரைக் எல்லைக்குள் வந்த பந்தாகவும் இருக்கக் கூடாது. 'கை பேட்டின் ஒரு பகுதி' என்று கேலரியிலிருந்து யாராவது அடித்துச் சொல்வார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. கை உடம்பின் பகுதிதான்.

பேஸில் நிற்பவள், பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் வரை காலை எடுக்கக் கூடாது. முன்பே எடுத்தால் அவுட். பேஸ்பால் பார்ப்பவர்கள் இதில் தடுமாறுவார்கள், அங்கே நான்கடி தள்ளி நின்று ஆயத்தமாகலாம், இங்கே கூடாது. பிட்சரைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்திருக்கும். பந்தோடு அவள் வட்டத்துக்குள் வந்து நின்றுவிட்டால், பேஸுக்கு நடுவில் நிற்பவள் உடனே முன்னாலோ பின்னாலோ போக வேண்டும். நடுவில் நின்று பூச்சாண்டி காட்டினால் அவுட்.

இரண்டு விதிகளை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தவறவிட்டால் பேட்டர் ஓடலாம் என்பது ஒன்று, உள்வட்டத்தில் சுலபமாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து பற்றிய இன்ஃபீல்ட் ஃப்ளை இன்னொன்று. இரண்டையும் சிறிய பிரிவுகளில் பல அமைப்புகள் எடுத்துவிடுகின்றன.

கையில் என்ன இருக்க வேண்டும்

1887இல் சிகாகோவில் உள்ளரங்கில் இந்த ஆட்டம் தொடங்கியபோது ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டியதுதான் பந்து. இன்றைய பந்து அப்படி இல்லை, நன்றாகவே வலிக்கும். பெரியவர்களின் பந்து சுற்றளவு 12 அங்குலம், பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 11. அதைவிடச் சிறியவர்களுக்கு 10 அல்லது 11 அங்குலத்தில் மிருதுவான உள்பாகம் கொண்ட பந்தும் பயன்படும். பயிற்சிக்குப் பந்து வாங்கும் முன் அளவைக் கோச்சிடம் கேட்டுவிடுங்கள், கடையில் கிடைத்ததை வாங்கினால் குட்டிக் கைக்குள் அடங்காது.

ஹெல்மெட் முகக்கம்பியோடு இருக்க வேண்டும், அடிக்கும்போது மட்டுமல்ல, ஓடும்போதும் போட வேண்டும். பேட் உருளையின் விட்டம் இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் கூடாது. பேஸ்பால் பேட்டுகளில் தடிமனானவையும் உண்டு, அவற்றை அண்ணனிடமிருந்து இரவல் வாங்கி வந்தால் அம்பயர் திருப்பி அனுப்புவார். பிட்சரும் உள்வட்டத்தில் நிற்பவர்களும் முகக்கவசம் போடுவதை நான் கட்டாயமாகவே சொல்வேன், விதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 35 அடியில் நேராக வரும் பந்துக்குப் பத்து வயதுப் பிள்ளையால் தலையைத் திருப்ப முடியாது.

முதல் ஆட்டத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு அமைப்பும் தனக்கென்று ஓரிரு பக்கத்தில் உள்ளூர் விதிகள் வைத்திருக்கும். பெரிய புத்தகத்தை விட்டுவிட்டு அதை வாங்கிப் படியுங்கள். அதில் பார்க்க வேண்டியது: ஒரு இன்னிங்ஸில் எத்தனை ரன் வரம்பு, கோச் எத்தனை பந்து போடுவார், பேஸ் திருடலாமா (யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடலாமா), எறிதல் பிழைக்கு எத்தனை பேஸ், நேர வரம்பு என்ன, எவ்வளவு முன்னிலை வந்தால் ஆட்டம் முடிந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் அடிப்பார்களா, ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் களத்தில் இடம் என்பதையும் கேளுங்கள். உங்கள் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கோச்சின் முடிவா, சுழற்சி முறையா என்று அப்போதுதான் தெரியும்.

ஆட்டத்தின்போது சந்தேகம் வந்தால் அம்பயரிடம் பேச உரிமை கோச்சுக்கு மட்டுமே. அதுவும் விதியைப் பற்றிக் கேட்கலாம், 'அவள் சேஃபா இல்லையா' என்ற கண்பார்வை முடிவைப் பற்றி வாதாட முடியாது. சின்னப் பிரிவுகளில் அம்பயராக நிற்பவர் பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையாக இருப்பார், அதை மனதில் வைத்துக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கமே இருங்கள். கேட்க வேண்டியதை ஆட்டம் முடிந்ததும் கோச்சிடம் கேட்டால், ஃபோர்ஸா டேகா என்பதை மண்ணில் கோடு போட்டே காட்டுவார்.